டெல்டால இருந்து அவுலிக்கு: கம்மி செலவுல பனிச்சறுக்கு கத்துக்க முழு வழிகாட்டி

பனிச்சறுக்குன்னு சொன்னாலே நம்ம பக்கம் சுவிட்சர்லாந்து தான் ஞாபகத்துக்கு வரும், அது பணக்காரங்க சமாச்சாரம்னு அதோட விட்டுடுவாங்க. ஆனா நம்ம நாட்டுக்குள்ளயே உத்தரகாண்ட்ல சமோலி மாவட்டத்துல அவுலின்னு ஒரு மலைச்சரிவு இருக்கு, 2,500 மீட்டர்ல ஆரம்பிச்சு 3,000 மீட்டர் தாண்டி போகுது, 2011ல தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிய அங்க வச்சு நடத்திருக்காங்க, எதிர்ல நந்தாதேவி 7,816 மீட்டர் உசரத்துல நிக்கும், முழுக்க இந்தியாவுக்குள்ளயே இருக்குற சிகரத்துல அது தான் உசந்தது. இவ்ளோ இருந்தும் காஷ்மீர்ல இருக்குற குல்மார்க், ஹிமாச்சல்ல இருக்குற மணாலிக்கு போற கூட்டத்துல கால்வாசி கூட இங்க வர்றதில்ல.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர்னு எந்த ஊர்ல இருந்து கெளம்பினாலும் இத எப்படி செய்யறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன். முதல்லயே என் கருத்த சொல்லிடறேன், இத மட்டும் எடுத்துக்கிட்டாலும் போதும். ஒருநாள் பேக்கேஜ்ல போயி ஸ்கீய, அதாவது சறுக்குறதுக்கு கால்ல மாட்டுற நீளப் பலகைய, மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு இவ்ளோ தூரம் போகாதீங்க. போனா ஒரு வாரம் ஒதுக்கி, கத்துக்கணும்னே போங்க. நம்ம ஊர்ல இருந்து அங்க போய் சேரவே மூணு நாலு நாள் ஆவுது, அவ்ளோ தூரம் போயி ஒரு மணி நேரம் சறுக்கி விழுந்துட்டு திரும்புறதுக்கு பேரு பனிச்சறுக்கு இல்ல. ஒரு வாரம் ஒழுங்கா கத்துக்கிட்டா பச்சப்புள்ளயா போனவங்க கூட திரும்பறப்ப ஒரு சுமாரான சரிவ தானா, பயமில்லாம, வளைஞ்சு வளைஞ்சு இறங்கி நிறுத்துவாங்க.

எப்போ போறது

பனி டிசம்பர் கடைசில விழ ஆரம்பிக்கும், மார்ச் முதல் வாரம் வரைக்கும் இருக்கும்னு சொல்லுவாங்க, ஆனா நம்பி போகக்கூடிய காலம்னா ஜனவரி கடைசில இருந்து பிப்ரவரி 20 தேதி வாக்குல வரைக்கும் தான். நமக்கு இது நல்லா ஒத்துப்போகும். சம்பா அறுப்பு முடிஞ்சு, நெல்ல அரசாங்க கொள்முதல் நிலையத்துல (டிபிசி) போட்டு, பணம் அக்கவுண்ட்ல ஏறுற நேரம் அது. தாளடி போட்டவங்களுக்கு கொஞ்சம் இடிக்கும், அவங்க ஜனவரி கடைசியா பாத்துக்கணும். அரையாண்டு லீவுல புள்ளைங்கள கூட்டிக்கிட்டு டிசம்பர்ல போகலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, வேணாம். அந்த சமயத்துல பனி விழுந்திருக்கும்னு சொல்லவே முடியாது, புல்லு தெரியிற சரிவ பாத்துட்டு வரவேண்டியதாயிடும்.

பனி விஷயத்துல ஒரு உண்மைய மறைக்கக்கூடாது. சமீப வருஷங்கள்ல இமயமலையில குளிர்காலப் பனி ரொம்ப கொறஞ்சிருக்கு, பனி இல்லாம அவுலில நடக்க வேண்டிய போட்டிகளையே தள்ளி வச்சிருக்காங்க. செயற்கையா பனி தூவுற மெஷின் அங்க வாங்கி வச்சிருக்காங்க, அதுக்கு தண்ணி எடுக்க மலை மேலயே ஒரு செயற்கை ஏரி கூட இருக்கு, ஆனா காத்து பூஜ்யத்துக்கு கீழ போனா தான் அந்த மெஷினால பனி போட முடியும், சூடான குளிர்காலத்துல அதுவும் கை குடுக்காது. அதனால டிக்கெட் போட்டுட்டு அப்படியே கண்ண மூடிக்கிட்டு கெளம்பாம, போறதுக்கு பத்து நாள் முன்னாடில இருந்து அங்க தங்குற விடுதிக்காரருக்கு போன போட்டு "இன்னைக்கு எடுத்த வீடியோ ஒண்ணு அனுப்புங்க பய்யா"ன்னு கேளுங்க. அனுப்புவாங்க. மேல 3,000 மீட்டர்ல பனி இருக்கு, கீழ 2,500ல இல்லன்னா கூட ஆரம்பக் கட்ட ஆளுங்களுக்கு மேலயே எடம் இருக்கு, அது போதும்.

கோர்ஸ் எப்படி புடிக்கிறது

கர்வால் மண்டல் விகாஸ் நிகாம், ஜிஎம்விஎன்னு சொல்லுவாங்க, நம்ம தமிழ்நாடு ஓட்டல் நடத்துற சுற்றுலா கழகம் மாதிரி அந்த ஊரு அரசாங்க நிறுவனம். 7 நாள், 14 நாள்னு ரெண்டு விதமா கோர்ஸ் வச்சிருக்காங்க, தங்குறது டார்மிட்டரில, சாப்பாடு, ஸ்கீ, பூட்ஸ், மாஸ்டர் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். பனி எப்படி இருக்குன்னு பாத்து தான் தேதி அறிவிப்பாங்க, அதனால நவம்பர்லயே அவங்க வெப்சைட்ட பாக்க ஆரம்பிச்சிடணும். அது கெடைக்கலன்னா அவுலிலயும், அதுக்கு கீழ இருக்குற ஊரான ஜோஷிமட்லயும் உள்ளூர் பசங்களே தனியா சொல்லிக்குடுக்குறாங்க, சாமான் வாடகை தனி, மாஸ்டர் கூலி தனி. தனியா புடிக்கிறப்ப ஒண்ணு கேட்டு தெளிவு பண்ணிக்கங்க: ஒரு மாஸ்டருக்கு எத்தன பேரு? அஞ்சாறு பேருக்கு மேல போச்சுன்னா உங்க முறை வர்றதுக்குள்ள கால் விறைச்சிடும்.

இந்த ரெண்டும் ஒத்து வரலன்னா மணாலில இருக்குற ஹிமாச்சல் மாநில அரசோட மலையேற்ற பயிற்சி நிறுவனம், அதாவது அடல் பிஹாரி வாஜ்பாய் பேர்ல இருக்குறது, மணாலி பக்கத்துல இருக்குற சோலாங்ல ஸ்கீ கோர்ஸ் நடத்துது. குல்மார்க்லயும் சுற்றுலா அமைச்சகத்தோட ஸ்கீ, மலையேற்ற நிறுவனம் ஒண்ணு இருக்கு. ரெண்டுமே நல்ல எடம் தான். நான் அவுலிய சொல்றதுக்கு காரணம், முதல் தடவ கத்துக்குற ஆளுக்கு ஏத்த மாதிரி அகலமான, ஒரே சீரான சரிவு, தள்ளுமுள்ளு இல்லாத எடம்.

செலவ பத்தி ஒரு வார்த்த. ஐரோப்பாவுல பெரிய ரிசார்ட்ல, சரிவுக்கு மேல ஏத்தி விடுற லிஃப்ட்டுக்கு ஒரு நாள் பாஸே நம்ம பணத்துல எட்டாயிரம் வாக்குல வந்துடும், அதுக்கப்பறம் தான் சாமான் வாடகை, மாஸ்டர், ரூம், ஃப்ளைட், விசா எல்லாம். இங்க சாமான் வாடகை நாளைக்கு சில நூறுல இருந்து ஆயிரத்து சொச்சத்துக்குள்ள முடிஞ்சிடும், பேரம் பேசலாம், நாலஞ்சு நாளைக்கு சேத்து எடுத்தா இன்னும் கொறைப்பாங்க. நம்ம செலவுல பெருசு எதுன்னு பாத்தா போக்குவரத்தும் துணிமணியும் தான். துணிய வாடகைக்கு எடுத்துட்டா அதுலயும் பாதி மிச்சம்.

போறதுக்கு முன்னாடி உடம்ப தயார் பண்றது

இத தான் எல்லாரும் அலட்சியமா விடுறாங்க, ஆனா பாதி வெற்றி இங்க தான் இருக்கு. நாம இருக்குறது தட்டையான பூமி, தஞ்சாவூரே கடல் மட்டத்துக்கு மேல அறுபது மீட்டர் கூட இல்ல, நாகப்பட்டினம் பக்கம்லாம் சொல்லவே வேணாம். இறங்குற வேலைய நம்ம தொடை செஞ்சதே கிடையாது. பனிச்சறுக்குல நாள் முழுக்க முட்டிய லேசா மடக்கி அரை நாற்காலில உக்காந்த நெலமையில இருக்கணும், தொடை முன்பக்க தசை தான் எல்லா வேலையும் பாக்குது, அது சோர்ந்து போற நேரத்துல தான் மத்தியானத்துக்கு மேல எல்லாரும் விழுந்து அடிபடுறாங்க.

அதனால கெளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. திருச்சி பக்கம் இருக்கவங்களுக்கு உச்சிப்பிள்ளையார் கோவில் படி நானூத்துக்கும் மேல இருக்கு, குளித்தலை பக்கம் அய்யர்மலையில ஆயிரத்து சொச்சம் படி. கும்பகோணத்துக்காரங்களுக்கு சுவாமிமலை அறுபது படி தான், பல தடவ ஏறி இறங்கிக்கலாம், சாமியும் பாத்த மாதிரி. ஏறுறத விட இறங்குறதுல கவனம் வைங்க. மெதுவா, ஒவ்வொரு படியிலயும் முட்டிய மடக்கி ஒரு நொடி நிறுத்தி இறங்கணும், தடதடன்னு ஓடி இறங்கினா முட்டி தான் வீணாப்போகும். வீட்டுல சுவத்துல முதுக சாச்சு நாற்காலி இல்லாம உக்காருற பயிற்சி, ஒத்தக்கால்ல நின்னு பல்லு வெளக்குறது, இது ரெண்டும் தெனம் செய்ங்க. ஒத்தக்கால் நிதானம் வந்துட்டா பனியில பாதி பயம் போயிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. அவுலில சரிவுக்கு சரிவு லிஃப்ட் கெடையாது, கத்துக்குற ஆளுங்க பெரும்பாலும் ஸ்கீயோட நடந்தே மேல ஏறி சறுக்கி இறங்கணும். ஏறி ஏறியே மூச்சு வாங்கிடும். ஆனா அப்படி ஏறுறதால தான் பனியில காலு சீக்கிரம் பழகுதுங்கறது என் அனுபவம்.

முட்டி ஆபரேஷன் பண்ணவங்க, இதய பிரச்சன, கட்டுப்பாடு இல்லாத பிரஷர் இருக்கவங்க டாக்டர பாத்துட்டு தான் கெளம்பணும். சுகர் இருக்கவங்க இன்சுலின உள்சட்டை பாக்கெட்லயே வச்சிருக்கணும், பையில வச்சா உறைஞ்சு போயி பயன்படாது.

பயணம்

உழவன் எக்ஸ்பிரஸ்ல தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை எங்க வேணா ஏறி காலையில எழும்பூர்ல எறங்கிடலாம். அன்னைக்கு ராத்திரி சென்ட்ரல்ல இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி கழிச்சு காலையில புது டெல்லி. ஸ்லீப்பர்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள, மூணாம் ஏசின்னா ரெண்டாயிரத்து சொச்சம். முன்பதிவு 60 நாள் முன்னாடி தான் தொறக்குது, பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்புறவங்க கூட்டம் அப்ப இருக்கும், அதனால தொறந்த அன்னைக்கே போட்டுடுங்க. டெல்லில இருந்து ஹரித்வார், ரிஷிகேஷுக்கு ரயிலும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. ஃப்ளைட்ல போறவங்க டேராடூன் ஜாலி கிராண்ட் ஏர்போர்ட்ல எறங்கினா ரிஷிகேஷ் பக்கம் தான். ஜனவரில வடக்க பனிமூட்டம் அடிச்சா ரயிலெல்லாம் மணிக்கணக்கா லேட்டாகும், கோர்ஸ் ஆரம்பிக்கிற நாளுக்கு முன்னாடி ஒரு நாள கையில வச்சுக்கிட்டு தான் திட்டம் போடணும்.

ரிஷிகேஷ்ல இருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், மலை ரோடு, முழுசா ஒரு பகல் போயிடும். பஸ்ஸும் ஷேர் ஜீப்பும் விடியக்காலையிலயே கெளம்பிடும், ஏழு மணிக்கு மேல போனா வண்டி கெடைக்காது, ராத்திரில மலை ரோட்டுல வண்டி விடவும் மாட்டாங்க. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகைன்னு நாலு சங்கமம் ரோட்டோரமாவே வரும். வைணவக் குடும்பத்து ஆளுங்களுக்கு இந்த ரூட் இன்னும் விசேஷம், தேவப்பிரயாகை தான் பெரியாழ்வார் பாடின கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட்ட தான் திருப்பிரிதின்னு சொல்றாங்க, நம்ம சீர்காழி பக்கம் திருக்குறையலூர்ல பொறந்த திருமங்கையாழ்வார் பாடின தலம். ஸ்கீ கத்துக்கப் போற எடத்துல ரெண்டு திவ்யதேசம் வழியிலயே அமையுதுன்னு சொன்னா வீட்டுல பெரியவங்க மறுப்பே சொல்லமாட்டாங்க. பத்ரிநாத் மட்டும் குளிர்காலத்துல நடை சாத்தியிருக்கும், அத இந்த பயணத்துல சேக்காதீங்க.

ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். அன்னைக்கு ராத்திரி கண்டிப்பா அங்கயே தங்கிடுங்க, நேரா அவுலிக்கு ஏறாதீங்க. ஒரே நாள்ல தரைமட்டத்துல இருந்து 2,800 மீட்டருக்கு போனா தலவலி, வாந்தி, தூக்கமின்மை வர வாய்ப்பு இருக்கு. ஒரு ராத்திரி நடுவுல தங்கி, தண்ணி நெறைய குடிச்சு, சரக்க தொடாம இருந்தா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஏடிஎம், மருந்துக்கடை எல்லாம் இங்கயே முடிச்சுக்கணும், மேல பணம் எடுக்க வழி கெடையாது.

ஜோஷிமட்ல இருந்து அவுலிக்கு முன்ன நாலு கிலோமீட்டர் ரோப்வே ஓடிச்சு, ஆசியாவுல நீளமானதுல ஒண்ணுன்னு சொல்லுவாங்க. 2023 ஜனவரில ஜோஷிமட்ல நிலம் உள்வாங்கி நூத்துக்கணக்கான வீடு விரிசல் விட்டப்ப அத நிறுத்திட்டாங்க. இன்னும் பழைய வீடியோவ பாத்துட்டு ரோப்வேய நம்பி வர்றவங்க இருக்காங்க. அது இல்லன்னே வச்சு திட்டம் போடுங்க, ரோடு வழியா டாக்சி, ஜீப் போகுது, பனி ஜாஸ்தியா இருந்தா டயர்ல செயின் கட்டின வண்டி தான் ஏறும். அந்த ஊரு மக்கள் இன்னும் அந்த பாதிப்புல இருந்து முழுசா மீளல. கஜா புயல்ல எல்லாத்தையும் இழந்த ஊர்க்காரங்க நாம, நமக்கு இது புரியும், அதனால ஜோஷிமட்டு கடையில சாப்பிடுங்க, அங்க தங்குங்க, உள்ளூர் பசங்க கிட்டயே கத்துக்கங்க. நம்ம பணம் போக வேண்டிய கை அது தான்.

துணிமணி

மூணு அடுக்கு. தோலோட ஒட்டி தெர்மல், அதுக்கு மேல ஃபிளீஸ் இல்ல கம்பளி ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல தண்ணி எறங்காத ஜாக்கெட்டும் பேண்ட்டும். ஜீன்ஸ், பருத்தி பனியன் போடவே கூடாது, பனியில விழுந்து நனைஞ்சா காயாது, உடம்பு சூட்ட உறிஞ்சிடும். ஸ்கீ பேண்ட், ஜாக்கெட் ரெண்டும் ஜோஷிமட்லயும் அவுலிலயும் வாடகைக்கு கெடைக்கும். சொந்தமா வாங்க வேண்டியது மூணே மூணு: நல்ல தண்ணி புகாத கையுறை, முட்டிக்கு கீழ வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, அல்ட்ரா வயலட் தடுக்குற கண்ணாடி. கண்ணாடிய லேசா எடுத்துக்காதீங்க. உசரம் ஆயிரம் மீட்டர் ஏறினா அல்ட்ரா வயலட் பத்து சதவீதத்துக்கு மேல கூடுது, புது பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்குது. கண்ணாடி இல்லாம ஒரு முழு பகல் நின்னா ராத்திரி கண்ணுக்குள்ள மணல் போட்டது போல எரியும், மறுநாள் சறுக்குறதாவது ஒண்ணாவது. சன்ஸ்கிரீன மூக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் போடணும், வெயில் கீழ இருந்தும் வருது.

ஹெல்மெட் கேட்டு வாங்குங்க. கோர்ஸ்ல குடுக்கலன்னா வாடகைக்கு எடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

பூட்ஸ், ஸ்கீ மாட்டுறது

சாமான் குடுக்குற எடத்துல அவசரப்படாதீங்க, அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல. பூட்ஸ் அளவு பாதத்தோட நீளத்த சென்டிமீட்டர்ல வச்சு தான் இருக்கும், 26, 27ன்னு, அதனால வீட்டுலயே ஸ்கேல் வச்சு அளந்துட்டு போங்க. சாக்ஸ் ஒண்ணு தான் போடணும், ரெண்டு போட்டா ரத்த ஓட்டம் தடைப்பட்டு கால் இன்னும் ஜில்லுன்னு ஆயிடும். நிமிந்து நிக்கிறப்ப பெருவிரல் முன்னாடி லேசா தொடணும், முட்டிய மடக்கி முன்னாடி சாஞ்சா விரல் பின்னுக்கு வந்துடணும், குதிகால் மேல தூக்கக்கூடாது. வலிக்கிற பூட்ஸ "பரவால்ல, சரியாயிடும்"னு எடுத்துக்காதீங்க, சரியாவாது. ஸ்கீயோட உசரம் முதல் தடவ நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல இருந்தா போதும், நீளம் கூடினா வேகம் கூடும், திருப்புறது கஷ்டம்.

பைண்டிங்னு ஒண்ணு இருக்கு, பூட்ஸ ஸ்கீயோட கோத்து புடிக்கிறது. விழுறப்ப அது தானா கழண்டா தான் முட்டி தப்பிக்கும். எடை, உசரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எவ்ளோ தெரியும்ங்கறத வச்சு தான் அத டைட் பண்ணுவாங்க, எடைய கொறைச்சோ கூட்டியோ சொல்லாதீங்க, கூச்சப்படாம உண்மைய சொல்லுங்க. அவங்க கேக்கலன்னா நீங்களே சொல்லி செட் பண்ண சொல்லுங்க.

முதல் நாள்ல இருந்து

முதல் நாள் சறுக்கவே மாட்டீங்க, அது தான் சரி. தட்டையான எடத்துல பூட்ஸோட நடக்குறது, ஒத்த ஸ்கீ மாட்டிக்கிட்டு தள்ளிக்கிட்டு போறது, அப்பறம் ரெண்டும். பக்கவாட்டுல மேல ஏறுறது பழகணும்: சரிவுக்கு குறுக்கா நின்னு, ஸ்கீயோட மேல்பக்க ஓரத்த பனிக்குள்ள பதிச்சு ஒவ்வொரு அடியா ஏறணும், மழை பேஞ்ச வரப்புல வழுக்காம ஏற பாதத்தோட ஓரத்த அழுத்தி வைப்போமே, அதே அசைவு. இது கைவந்துட்டா ஓரம் புடிக்கிறதுன்னா என்னன்னு காலுக்கு புரிஞ்சிடும், மத்த எல்லாமே அதுல இருந்து தான் வருது.

விழப் பழகுறதும் முதல் நாள் பாடம் தான். பேலன்ஸ் போகுதுன்னு தெரிஞ்சா பக்கவாட்டுல, மேட்டுப்பக்கமா இடுப்பு பட உக்காந்துடுங்க. பின்னாடி சாஞ்சு உக்கார முயற்சி பண்ணாதீங்க, முட்டிக்குள்ள இருக்குற தசைநார் அப்படி விழுறப்ப தான் கிழியுது. சறுக்கிக்கிட்டு இருக்கப்ப எழுந்திருக்கவும் கூடாது, முழுசா நின்னதுக்கப்பறம், ஸ்கீ ரெண்டையும் சரிவுக்கு குறுக்கா கீழ்பக்கமா வச்சு எழுந்திருக்கணும்.

ரெண்டாம் நாள் பீட்சா, அதாவது ஸ்கீ ரெண்டையும் பீட்சா துண்டு மாதிரி முக்கோணமா வச்சு வேகத்த கொறைக்கிறது. ஸ்கீ முனை ரெண்டும் கிட்ட, பின்பக்கம் அகலமா விரிச்சு, உள்பக்க ஓரத்த லேசா பதிக்கணும், அப்ப வேகம் கொறையும், இன்னும் விரிச்சா நிக்கும். இதுல உசுரான விஷயம் ஒண்ணு சொல்றேன்: முன்கால் எலும்பு எப்பவும் பூட்ஸோட முன் நாக்க தொட்டுக்கிட்டே இருக்கணும். பயம் வந்தா உடம்பு தானா பின்னாடி சாயும், பின்னாடி சாஞ்சா ஸ்கீயோட முன்பக்கம் லேசாயி நம்ம பேச்ச கேக்காது, வேகம் இன்னும் கூடும், பயம் இன்னும் கூடும். அத ஒடைக்கணும்னா பயம் வர்றப்ப வேணும்னே முன்னாடி சாயணும். மனசுக்கு இது ஒத்துக்கவே ஒத்துக்காது, ஆனா ரெண்டு மூணு தடவ துணிஞ்சு செஞ்சு பாத்துட்டா அப்பறம் விடவே மாட்டீங்க.

நிறுத்த வந்ததுக்கப்பறம் தான் திருப்பறது. வலது பக்கம் திரும்பணும்னா இடது கால அழுத்தணும், இடது பக்கம்னா வலது கால். வெளிப்பக்க கால்ல தான் எடை, எப்பவும். சைக்கிள், பைக் ஓட்டி பழகின நமக்கு திரும்புற பக்கமே சாயத் தோணும், அது இங்க எடுபடாது. கண்ணு ஸ்கீ முனைய பாக்கக்கூடாது, போக வேண்டிய எடத்த பாக்கணும், கண்ணு போற எடத்துக்கு தான் உடம்பு போகும்.

மாஸ்டருங்க ஹிந்தில தான் கத்துவாங்க, ஓடிக்கிட்டு இருக்கப்ப அர்த்தம் யோசிக்க நேரம் இருக்காது, அதனால இந்த ஏழெட்டு வார்த்தைய ரயில்லயே மனப்பாடம் பண்ணிடுங்க. குட்னே மோடோன்னா முட்டிய மடக்கு. ஆகே ஜுக்கோன்னா முன்னாடி சாயி. சாம்னே தேக்கோன்னா நேரா பாரு. தீரே, மெதுவா. ருக்கோ, நில்லு. பாயே இடது, தாயே வலது. உட்டோன்னா எழுந்திரு, இது தான் அதிகம் காதுல விழும்.

மூணு நாலாம் நாள்ல சரிவுக்கு குறுக்கா போயி, திரும்பி, மறுபடி குறுக்கா போயின்னு பெரிய பெரிய வளைவா இறங்க ஆரம்பிப்பீங்க. வேகத்த பீட்சாவால மட்டும் கொறைக்காம, வளைவ முழுசா முடிச்சு லேசா மேட்டுப்பக்கம் திரும்புற வரைக்கும் இழுத்துக்கிட்டு போயி கொறைக்கப் பழகணும், தொடை வலி பாதியா கொறைஞ்சிடும். அஞ்சாம் நாளுக்கு மேல சில பேருக்கு ஸ்கீ ரெண்டும் தானா சேந்து வர ஆரம்பிக்கும், வரலன்னா அவசரம் வேணாம். வேகம் கூடுறத முன்னேற்றம்னு நெனைக்காதீங்க, நெனச்ச எடத்துல நிறுத்த முடியுதான்னு பாருங்க.

நேரம் பாத்து சறுக்குறதும் ஒரு கலை. விடிஞ்சதும் பனி கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும், பத்து மணிக்கு மேல மேல்பரப்பு லேசா இளகி அருமையா இருக்கும், ஒரு மணி ரெண்டு மணிக்கு மேல சொதசொதன்னு ஆயி ஸ்கீய புடிச்சு இழுக்கும். பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் முழு கவனத்தோட போடுங்க, மூணு மணிக்கு மேல "இன்னும் ஒரு தடவ"ன்னு ஏறாதீங்க, அடிபட்ட ஆளுங்கள கேட்டா முக்காவாசி பேரு அந்த கடைசி தடவையில தான் விழுந்தேன்னு சொல்லுவாங்க.

ஸ்னோபோர்டு

ஒரே பலகை, ரெண்டு காலும் குறுக்கா கட்டி வச்சிருக்கும். அவுலில போர்டு கம்மியா தான் கெடைக்கும், கத்துக்குடுக்க தெரிஞ்ச ஆளும் கம்மி, முன்கூட்டியே கேட்டு உறுதி பண்ணிக்கணும். ஒரு வாரம் தான் இருக்குன்னா ஸ்கீயே எடுங்கன்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா நடந்து ஏற வேண்டிய எடத்துல போர்ட ஒவ்வொரு தடவையும் கழட்டி தூக்கிக்கிட்டு போகணும். ஆனா இளந்தாரி பசங்களுக்கு போர்டு மேல தான் ஆசைன்னா தாராளமா எடுங்க, முதல் ரெண்டு நாள் பின்பக்கமும் மணிக்கட்டும் செம அடி வாங்கும், மூணாம் நாள்ல இருந்து ஸ்கீ ஆளுங்கள விட வேகமா முன்னேறுவாங்க.

எந்த கால் முன்னாடின்னு தெரியலன்னா, சொல்லாம பின்னாடி இருந்து ஒருத்தர லேசா தள்ளச் சொல்லுங்க, தானா எந்த கால் முன்னாடி போகுதோ அது தான் முன்கால். மொதல்ல குதிகால் ஓரத்துல நின்னு அப்படியே பக்கவாட்டா வழுக்கி எறங்குறது, அப்பறம் விரல் ஓரத்துல மலையப் பாத்துக்கிட்டு அதே மாதிரி, ரெண்டும் வந்ததுக்கப்பறம் தான் திருப்பம். கீழ்பக்க ஓரம் பனியில மாட்டிச்சுன்னா கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள குப்புற தள்ளிடும், அதனால எப்பவும் மேட்டுப்பக்க ஓரத்துல தான் எடை இருக்கணும். விழுறப்ப கைய விரிச்சு ஊன்றாதீங்க, மணிக்கட்டு போயிடும், முஷ்டிய மூடி முழங்கைக்கு முன்பக்கத்தால தாங்குங்க. மணிக்கட்டு கார்டு நம்ம ஊரு ஸ்கேட்டிங் கடையிலயே கெடைக்கும், வாங்கிட்டு போங்க.

பாதுகாப்பு, தங்குறது, சாப்பாடு

சரிவுல கீழ இருக்கவங்களுக்கு தான் முன்னுரிமை, மேல இருந்து வர்றவங்க தான் ஒதுங்கி போகணும், உலகம் பூரா இது தான் விதி. நடுச்சரிவுல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, ஓரமா நில்லுங்க. அவுலிக்கு மேல கோர்சன் புக்யால்னு அழகான புல்வெளி இருக்கு, பனிக்காலத்துல வழிகாட்டி இல்லாம அங்க போகக்கூடாது. டிராவல் இன்சூரன்ஸ்ல சாகச விளையாட்டு சேருமான்னு படிச்சு பாருங்க, நெறைய பாலிசில விலக்கியிருப்பாங்க. சின்ன அடிக்கு ஜோஷிமட் ஆஸ்பத்திரி, பெருசுன்னா ரிஷிகேஷ் எய்ம்ஸ் வரைக்கும் போகணும், இத மனசுல வச்சுக்கிட்டு தான் எவ்ளோ வேகமா போறதுன்னு முடிவு பண்ணணும்.

ராத்திரி பூஜ்யத்துக்கு கீழ போகும், குழாயில தண்ணி உறையும், பக்கெட்டுல சுடுதண்ணி கேட்டு வாங்கித் தான் குளிக்கணும். கரண்ட்டு போகும் வரும். போனை உள்பாக்கெட்ல வைங்க, குளிர்ல பேட்டரி கண்ணு முன்னாடியே எறங்கும். சாப்பாடு ராஜ்மா சாதம், ஆலு பரோட்டா, மேகி. சாதம் கெடைக்கிறதால நமக்கு கஷ்டமில்ல, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஒரு டப்பா கொண்டு போனீங்கன்னா டார்மிட்டரி முழுக்க உங்க நண்பர்கள் ஆயிடுவாங்க. கும்பகோணத்து காபிப்பொடியும் சின்ன ஃபில்டரும் நான் எடுத்துட்டு போற சாமான்ல கட்டாயம் உண்டு, காலையில பூட்ஸ் மாட்டுறதுக்கு முன்னாடி அது உள்ள எறங்கினா தான் அன்னைக்கு நாள் ஆரம்பிக்குது.

நம்ம ஊர்ல பனியே கெடையாதே, நமக்கெல்லாம் இது வருமான்னு தயங்குறவங்களுக்கு ஒரு பேரு சொல்றேன். காவேரி பொறக்குற குடகு மாவட்டத்துல இருந்து வந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, பனியில ஸ்கீயோட நீண்ட தூரம் போற கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்ல இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டிகள்ல ஓடுறாங்க. குடகுல மழை தான் உண்டு, பனி கெடையாது. ஆத்தோட அந்தக் கோடில இருந்து ஒருத்தங்க அவ்ளோ தூரம் போக முடிஞ்சா, இந்தக் கோடில இருக்க நம்மளால ஒரு வாரம் கத்துக்க முடியாதா.

கோர்ஸ் முடிஞ்ச அன்னைக்கே கெளம்பாதீங்க, ஒரு நாள் ஜோஷிமட்ல தங்கி நரசிம்மர் கோவிலுக்கு போயிட்டு, கால நீட்டிட்டு அப்பறம் பஸ் ஏறுங்க, இல்லன்னா அந்த பத்து மணி நேர மலை ரோட்டுல தொடை மரத்துப்போயிடும். அடுத்த வருஷம் மறுபடி போறதா இருந்தா 14 நாள் கோர்ஸ் எடுங்க, அதுக்கு மேல குல்மார்க் போகலாம், அங்க கோண்டோலான்னு சொல்ற ரோப்வே கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரைக்கும் ஏத்தி விடும், ஆனா அது நல்லா தெரிஞ்சவங்களுக்கான சரிவு. அடுத்த கட்ட கோர்ஸுக்கு சேரும்போது முன்னாடி எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க, அதனால குடுக்குற சர்டிபிகேட்டையும் உங்க பூட்ஸ் அளவு, ஸ்கீ நீளம், பைண்டிங்க டைட் பண்ணி வச்ச நம்பர் மூணையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க.